பிள்ளைப் பருவத்தில் ஒரு பெரியவர்: ‘பிணைப்பு’ என்பதன் எளிய விளக்கம்

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் ஐந்தாம் மாடியில், எங்கள் வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளி, துணி தைத்துக் கொடுத்துக் குடும்பம் நடத்திய ஓர் அம்மாள் இருந்தார். எங்களுக்கு அவர் உறவில்லை. ஆனாலும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டோம். அப்பா, அம்மா இருவருக்குமே ஷிப்ட் வேலை என்பதால், மதியம் பள்ளி முடிந்து கழுத்தில் சாவி தொங்க வரும் நான், விளக்கு வைக்கும் நேரம் வரை அவர் வீட்டில்தான் இருப்பேன். அவர் என்னை மடியில் இருத்திக் கொஞ்சியதாகவோ, உட்காரவைத்துப் புத்திமதி சொன்னதாகவோ நினைவில்லை. நினைவில் தங்கியிருப்பது ஒரு சத்தம். நடைபாதையில் வரும்போதே தையல் மெஷின் ஓடுவது கேட்கும். நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் அது நின்றுவிடும். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் முகத்தைப் பார்த்து, “வாய்யா, இன்னிக்கு ஸ்பெல்லிங் எப்படி?” என்று கேட்பார். நான் சொல்லி முடித்த பிறகுதான் மெஷின் மறுபடியும் ஓடும்.

அவர் செய்தது கூலித் தையல். ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கு. மெஷின் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் காசு குறைகிற நிமிடம் என்பது எனக்கு வளர்ந்த பிறகே உறைத்தது. ஆனால் ஏழு வயதிலேயே ஒன்று மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது: நான் வந்தால் ஒருவர் தம் வேலையை நிறுத்துவார். இவ்வளவு சிறிய ஒரு நிச்சயம் மனிதனின் பிற்கால வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதை, உளவியல் படிக்காதவருக்கும் விளங்கும்படி இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

உளவியலில் இதற்குப் பிணைப்பு என்று பெயர். அன்பு என்ற பெரிய சொல்லுக்குள் அடங்கிய ஒரு குறிப்பிட்ட பகுதி அது. பயமோ வலியோ குழப்பமோ வரும்போது குழந்தை யாரிடம் ஓடுகிறது, ஓடிப்போன இடத்தில் அதற்கு என்ன கிடைக்கிறது என்பதே பிணைப்பின் கரு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, சோறூட்டும் கையைத்தான் குழந்தை நேசிக்கிறது என்ற எண்ணம் அறிஞர்களிடம் வலுவாக இருந்தது. அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்பவர் 1958இல் வெளியிட்ட குரங்குக் குட்டிகளைப் பற்றிய ஆய்வு அதை அசைத்துவிட்டது. கம்பியால் செய்த பொம்மைத் தாயிடம் பால் புட்டி இருந்தது; துணி சுற்றிய பொம்மைத் தாயிடம் ஒன்றும் இல்லை. குட்டிகள் பசித்தபோது கம்பியிடம் போய்க் குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கிடந்தன. அந்தக் குட்டிகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இதையெல்லாம் ஒரு கோட்பாடாகக் கட்டி எழுப்பியவர் ஜான் பௌல்பி (1907–1990) என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில், வீடிழந்த பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. அவருடைய சொந்தக் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். லண்டனின் வசதியான குடும்பங்களில் அக்காலத்தில் வழக்கமாயிருந்ததுபோல, தாயை அவர் நாளில் ஒரு மணி நேரம் அளவே பார்த்தார். வளர்த்ததெல்லாம் ஒரு தாதிப்பெண். அவருக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழப்பதற்கு ஒப்பான துயரம் அது என்று பௌல்பி பிற்காலத்தில் உணர்ந்து சொன்னார். சம்பளத்துக்கு வந்தவராயினும், குழந்தையின் கணக்கில் அவர்தான் ஓடிப்போகும் இடம்.

பௌல்பி சொன்னதில் தொடக்கநிலை வாசகர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது, ‘உள்மன மாதிரி’ என்ற கருத்து. ஒவ்வொரு குழந்தையும் பேச்சு வருவதற்கு முன்பிருந்தே இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறது: கூப்பிட்டால் யாராவது வருவார்களா? வந்து பார்க்கும் அளவுக்கு நான் வேண்டிய பிள்ளைதானா? ஒருநாள் கிடைக்கும் பதிலை வைத்துக் குழந்தை முடிவு கட்டுவதில்லை. நூறு நாள், ஆயிரம் நாள் திரும்பத் திரும்பக் கிடைத்த பதில்கள் படிந்து, மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்ற ஓர் எதிர்பார்ப்பாக உள்ளே தங்கிவிடுகின்றன. பிறகு பள்ளியிலும் நட்பிலும் வேலையிடத்திலும் மண வாழ்க்கையிலும் புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது, நாம் அறியாமலே அந்தப் பழைய எதிர்பார்ப்பைக் கொண்டே அவரை அளக்கிறோம். மேலதிகாரி “கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்று கூப்பிட்டால் ஒருவருக்கு வயிற்றைக் கலக்குவதும், இன்னொருவர் சாதாரணமாக எழுந்து போவதும் இதனால்தான் என்று முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இதற்கு அதில் பங்குண்டு.

பௌல்பியோடு சேர்ந்து உழைத்த மேரி ஐன்ஸ்வர்த் 1954, 1955ஆம் ஆண்டுகளில் உகாண்டாவின் கிராமங்களில் 26 குடும்பங்களை வீடு வீடாகச் சென்று கவனித்தார். குழந்தை தாயைத் தளமாக வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் தவழ்ந்து போய், திரும்பிப் பார்த்து, மீண்டும் போவதை அவர் அங்கே குறித்துக்கொண்டார். அதைப் பார்க்க நாம் உகாண்டாவுக்குப் போக வேண்டியதில்லை. மாலை ஐந்தரை மணிக்கு ஏதாவது ஒரு புளோக்கின் அடியில் இருக்கும் விளையாட்டிடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இரண்டு வயதுப் பிள்ளை சறுக்குமரத்தை நோக்கி ஓடும். பாதி வழியில் நின்று, கல்பெஞ்சில் இருக்கும் பாட்டியைத் திரும்பிப் பார்க்கும். பாட்டி தலையசைத்தால் மிச்ச தூரத்தையும் ஓடும். பாட்டி கைப்பேசியில் ஆழ்ந்திருந்தால் பிள்ளை இரண்டு முறை, மூன்று முறை திரும்பும், பிறகு ஓட்டத்தை விட்டுவிட்டுப் பாட்டியின் முழங்காலுக்கே வந்துவிடும். செல்லம் கொடுத்தால் பிள்ளை ஒட்டிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போகும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. கவனித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு: திரும்பி வர இடம் உண்டென்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைதான் தூரமாகப் போகிறது.

ஐன்ஸ்வர்த் பிற்பாடு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளுக்காக வகுத்த சோதனையிலும் முக்கியமாகப் பார்த்தது, தாய் அறையை விட்டுப் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் அவரிடம் ஆறுதல் பெற்றுக்கொண்டு மறுபடி விளையாடப் போகிறதா என்பதைத்தான்.

இது மனத்தோடு நின்றுவிடுவதில்லை, உடம்பிலும் பதிகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவருடைய குழுவினரும் எலிகளை ஆராய்ந்தபோது, குட்டியை அதிகம் நக்கிக் கொடுக்கும் தாய், குறைவாக நக்கும் தாய் என்று இருவகை உண்டென்று கண்டார்கள். அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு, அதிர்ச்சி வந்தாலும் சீக்கிரம் அமைதியடைந்தன. பிறந்தவுடன் குட்டிகளை இடம் மாற்றி வைத்தபோது, அவை பெற்ற தாயைப் போல ஆகவில்லை, வளர்த்த தாயைப் போலவே ஆயின. பதற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு மூளையில் எவ்வளவு இயங்குகிறது என்பதே அந்தப் பராமரிப்பால் மாறுவதாக 2004இல் அவர்கள் வெளியிட்டார்கள். எலிக்குப் பொருந்துவது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் மனிதர்களிடமே நீண்டகால ஆய்வு தேவைப்படுகிறது. அப்படியொன்று சிங்கப்பூரிலேயே நடக்கிறது. 2009இல் தொடங்கிய கஸ்டோ ஆய்வு, கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200க்கு மேற்பட்ட சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. மீனியும் அதில் பங்கெடுத்தவர்.

வளர்த்தவரைப் போல ஆவது என்பது நம் ஊருக்குப் புதிய செய்தியும் அல்ல. பழைய சிங்கப்பூரில் வறுமையாலும், பெண்ணாகப் பிறந்ததாலும் கொடுத்துவிடப்பட்ட சீனக் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களும் மலாய்க் குடும்பங்களும் எடுத்து வளர்த்ததை நம் தாத்தா பாட்டி தலைமுறை கண்ணாரக் கண்டிருக்கிறது. சேலை கட்டி, பூ வைத்து, நம்மைவிட நல்ல தமிழ் பேசிய அந்த அத்தைமார்களை நானும் பார்த்திருக்கிறேன்.

பெற்றோரால் முடியாதபோது என்ன ஆகிறது என்ற கேள்விக்கு மிகப் பொறுமையாக விடை தேடிய ஆய்வு, ஹவாயின் கவாய் தீவில் நடந்தது. எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளைப் பட்டியலிட்டு, அவர்கள் நாற்பது வயதைத் தொடும் வரை இடையிடையே சந்தித்து வந்தார்கள். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு அது. தோட்டத் தொழிலாளர் குடும்பம் என்றால் என்ன என்பதை மலாயாவின் ரப்பர்க் காட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தைகளில் 201 பேர் மிகக் கடினமான சூழலில் பிறந்தவர்கள்: வறுமை, பிரசவச் சிக்கல், வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் என்று இவற்றில் பல ஒன்றுசேர்ந்து அவர்கள்மேல் விழுந்திருந்தன. பதினெட்டு வயதுக்குள் அவர்களில் பெரும்பாலோருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ கடுமையான தொல்லை ஏற்பட்டது. ஆனால் 72 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்கள், தன்னம்பிக்கையும் பொறுப்பும் பிறர்மேல் அக்கறையும் உள்ள இளையர்களாக வளர்ந்து நின்றார்கள்.

அந்த 72 பேருக்கும் மற்றவர்களுக்கும் என்ன வேறுபாடு? பிறவிக் குணம், உடன்பிறந்தோருக்கு இடையே போதிய இடைவெளி என்று சில காரணங்கள் இருந்தன. அவற்றை மறைப்பது முறையல்ல. ஆயினும் திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒன்று. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நிலையாக அக்கறை காட்டிய பெரியவர் ஒருவராவது வாய்த்திருந்தார். பெற்றோராக இல்லாதபோது அவர் பாட்டியாக, அத்தையாக, மூத்த சகோதரியாக, பக்கத்து வீட்டுக்காரராக, பிடித்த ஆசிரியராக இருந்தார். பெற்றோரின் இடத்தை அவர் முழுமையாக நிரப்பினார் என்பதில்லை. பெரியம்மாவும் என் தாயின் இடத்துக்கு வரவில்லை. மதியம் ஒன்றரையிலிருந்து ஏழு வரைக்கும் அவர் இருந்தார், அவ்வளவுதான்; ஆனால் எல்லா நாளும் இருந்தார்.

கவாய் ஆய்வில் பலரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு பகுதி உண்டு. பதின்ம வயதில் தடுமாறிய பலர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நிமிர்ந்துவிட்டார்கள். நல்ல துணை, விட்ட படிப்பைத் தொடரும் வாய்ப்பு, ஒரு சமயச் சமூகம் என்று பிற்காலத்தில் கிடைத்தவை அவர்களைத் தூக்கிவிட்டன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியை நாம் ஒரு தீர்ப்பைப் போலச் சொல்லிப் பழகிவிட்டோம். நாற்பதில் வளைந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது அளந்து பார்த்த உண்மை என்பதால், அந்தப் பழமொழியைப் பிள்ளைகளின் காதுபடச் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆறாயிரத்துக்கும் அதிகமான பெரியவர்களிடம் கேட்டு, 2019இல் வெளியான ஓர் ஆய்வும் இதையொட்டியதுதான். பிள்ளைப் பருவத்து நல்ல அனுபவங்கள் என்று ஏழு அனுபவங்களை அது பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று, பெற்றோர் அல்லாத பெரியவர் இருவராவது தம்மீது மெய்யான அக்கறை காட்டினார்கள் என்பது. இந்த அனுபவங்கள் அதிகம் வாய்த்தவர்களிடம், கசப்பான அனுபவங்களும் கூடவே இருந்தபோதிலும், மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்தது.

இதைப் படிக்கும் தாய்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பயம் வரலாம்: அப்படியானால் ஒருநாளும் கோபப்படக் கூடாதா? இங்கேதான் எட்வர்ட் டிரோனிக் கண்டது மிகவும் உதவுகிறது. 1970களில் அவர் செய்த சோதனை ஒன்றில், குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லாமல் சில நிமிடம் அப்படியே இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் எழுப்பும். பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அந்தக் காட்சி எல்லோரையும் உலுக்கியது. ஆனால் இயல்பான நாள்களிலும் தாயும் சேயும் பெரும்பகுதி நேரம் ஒருவருக்கொருவர் பொருந்தாமலே இருக்கிறார்கள் என்பதையும், பொருந்தாமல் போனதைச் சரிசெய்துகொள்வதே உறவைக் கட்டுகிறது என்பதையும் அவரே கண்டு சொன்னார்.

பெரியம்மாவிடம் துணி வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று இருந்தது; கறுப்புப் பிடி, கனமானது. அதில் காகிதம் வெட்டினால் கூர் மழுங்கிவிடும், பிறகு துணியை மென்று தள்ளும். ஒருநாள் அது தெரியாமல் நான் அறிவியல் பாடத்துக்கு மணிலா அட்டையை அதனால் வெட்டிவிட்டேன். அவர் கத்தினார், கத்தும்போது “சனியனே” என்றும் ஒரு சொல் வந்துவிட்டது. நான் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் இரும்புக் கதவின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். “கத்தரிக்கோலைத் தொட்டதுக்கு ஏசினது ஏசினதுதான். ஆனா சனியன்னு சொன்னேனே, அது என் தப்பு. வா, சாப்பிடு,” என்றார். செய்த காரியத்தையும் செய்த பிள்ளையையும் அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டியது எவ்வளவு பெரிய காரியம் என்பது, அதே பிரிப்பைச் செய்யத் தெரியாமல் திணறும் பெரியவர்கள் பலரைச் சந்தித்த பிறகு எனக்கு விளங்கியது. அந்த நாளை நான் மறக்கவில்லை. கத்தியதற்காக அல்ல, திரும்பி வந்ததற்காக.

நம் நாட்டுக்கே உரிய ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த நிலையான பெரியவர் வீட்டுப் பணிப்பெண்தான். தூக்கி வளர்த்து, பாலர் பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போய், காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருந்தவர், ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பெட்டியோடு சாங்கி விமான நிலையத்துக்குப் போய்விடுகிறார். பிள்ளை அழுது அடம்பிடிக்கும் என்று பயந்து, அது பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அனுப்பிவிடும் குடும்பங்கள் உண்டு. கெட்ட எண்ணத்தால் அப்படிச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பௌல்பியின் நான்கு வயதை நினைத்துப் பாருங்கள். முன்கூட்டியே சொல்லி, அழவிட்டு, கட்டிப்பிடித்து விடைபெறச் செய்து, அவருடைய படத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, வாரம் ஒருமுறை கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசவிட்டால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது வேறாக இருக்கும்: தூரம் போனவர் எல்லாம் தன்னை விட்டுவிட்டவர் அல்லர்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அன்பான ஒரு பெரியவர் கிடைத்துவிட்டால் வறுமையும் அடிதடியும் ஒன்றும் செய்யாது என்று யாரும் நிறுவவில்லை. அடிபடும் பிள்ளைக்கு முதலில் தேவை அடி நிற்பது. அதற்குக் குடும்ப சேவை நிலையமும் பள்ளி ஆலோசகரும் சட்டமும் வேண்டும். 1956 முதல் இங்கே நடைமுறையில் உள்ள வளர்ப்புப் பெற்றோர் திட்டம் போன்றவை இருப்பதும் அதனால்தான்.

இப்போது நான் வார இறுதியில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குத் துணைப்பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். தாமதமாக வரும் ஒரு பையன் இருக்கிறான். கதவருகே நின்று, உள்ளே வரலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் வந்து நிற்கும்போதெல்லாம் என் கை வெண்பலகைப் பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுகிறது. யோசித்துச் செய்ததல்ல. பல வாரங்கள் கழித்து ஒருநாள், பேனாவின் மூடி ‘டக்’ என்று விழுந்த சத்தத்தில்தான், இது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரிந்தது. உள்மன மாதிரி என்று பௌல்பி சொன்னது, நம்மிடம் பிறர் எப்படி நடப்பார்கள் என்ற எதிர்பார்ப்போடு முடிந்துவிடுவதில்லை. ஒரு பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்பதும் அதே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பழைய புளோக்கை இடித்தபோது பெரியம்மா மகளோடு ஈசூனுக்குக் குடிபோய்விட்டார். சென்ற தீபாவளிக்குப் போயிருந்தபோது மெஷின் நின்ற கதையை அவரிடம் சொன்னேன். அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. “நானா நிறுத்துனேன்? நூல் அறுந்திருக்கும்யா,” என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, மகளிடம், “இவனுக்குக் கத்தரிக்காய் வைக்காதே, தொண்டை அரிக்கும்னு ஒதுக்கிருவான்,” என்றார்.